ஸஃப்பில் விழுந்த இடைவெளி

வானொலி கேட்பது கூடுமா, ஒலிபெருக்கி வைத்துத் தொழ வைப்பது கூடுமா, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கலாமா என்றெல்லாம் கேட்டு ஒரு காலத்தில் மார்க்கப் பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஆலிம் பெருமக்களும் சலிப்பின்றி விடை எழுதினார்கள். இன்று செல்போன் கூடுமா என்று கேட்டு எழுதுவோர் எவருமிலர். கேள்வியே எழாத அளவுக்கு அது நம் உடலோடு ஒட்டிப் போயிற்று. தக்பீர் கட்டுமுன் ஸஃப்பை நேராக்கிக் கொள்ளுங்கள் என்று சொல்லும் இமாம், அதோடு செல்போனை அணைத்து விடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது வாடிக்கையாகி விட்டது.

அது கூடுமா, கூடாதா என்று ஆராய்வது நம் நோக்கமன்று. கத்தி கூடுமா என்று எவரும் கேட்பதில்லை. கத்தியால் என்ன செய்தாய் என்றுதான் கேட்பார்கள். நாம் கேட்க விரும்புவது வேறு. பேசுவதற்கு ஆள் இருந்தும், நாள்தோறும் முகம் பார்த்துப் பேச மகன் இருந்தும், ஊரார் முந்நூறு பேரோடு ஒரே குழுவில் இருந்தும் ஒரு மனிதர் தனியராய்க் கிடப்பது எங்ஙனம்? இது ஏட்டில் படித்து எழுந்த கேள்வியன்று. தர்மபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், நாம் தொழுது வரும் மஹல்லாவிலேயே, நம் கண்முன் நடந்த ஒன்றிலிருந்து எழுந்தது.

எழுபதைக் கடந்த பெரியவர் அவர். புளி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மனைவி மௌத்தாகிச் சில ஆண்டுகளாயின. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான். காலையில் பஸ் ஏறினால் மதியத்திற்குள் போய்ச் சேர்ந்து விடலாம். ஆயினும் பெரியவர் ஊரை விட்டுப் போக இசையவில்லை. மகனும் குறை சொல்லத்தக்கவர் அல்லர். மாதந்தோறும் பணம் வந்தது. நல்லதொரு செல்போனும் வாங்கிக் கொடுத்திருந்தார். இஷாவுக்குப் பின் தினமும் அதில் முகம் காட்டிப் பேசுவார். "சாப்பிட்டீங்களா அத்தா? மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன் தம்பி, அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்." இந்தப் பேச்சு ஒரு நாளும் தவறியதில்லை.

நம் மஹல்லாவுக்கென்று வாட்ஸ்அப் குரூப் ஒன்றும் உண்டு. அதில் விடிந்ததும் முதல் ஸலாம் பெரியவருடையதாகவே இருக்கும். ரோஜாப்பூப் படம் ஒன்றோடு அனுப்புவார். நாமும் பதில் ஸலாம் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

இப்படி இருக்கையில் அவருக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் கண்டது. நடக்க முடியவில்லை. சுப்ஹுக்கு வருவது நின்றது. ஒரு நாளா, இரண்டு நாளா? பதினொரு நாட்கள்! முதல் ஸஃப்பில், வலது பக்கத் தூணையொட்டி அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் வேறு எவரோ நின்றார்கள். நாம் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை என்று பின்னர் நம் உள்ளத்தைத் தோண்டிப் பார்த்தபோது வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவர் வரவில்லை என்ற எண்ணமே நமக்கு எழவில்லை. காலையில்தான் ஸலாம் வந்துவிட்டதே! ரோஜாப்பூ வந்துவிட்டதே! ஆள் இருக்கிறார் என்று உள்ளம் தானே கணக்கு எழுதிக் கொண்டது. மகனுக்கும் அவ்வாறே. செல்போனில் தெரிவது முகம். கால் தெரிவதில்லை.

கவனித்தவர் யார் தெரியுமா? அடுத்த வீட்டில் பூக்கட்டி விற்கும் இந்துச் சகோதரி ஒருவர். அவரிடம் பெரியவரின் எண் கூட இல்லை. விடியுமுன் அவர் வாசல் தெளித்துக் கோலமிடும் நேரமும், பெரியவர் கைத்தடியை ஊன்றி இருமிக்கொண்டே பள்ளிக்குப் போகும் நேரமும் ஒன்று. பல ஆண்டுகளாகக் கேட்டு வந்த தடியின் சத்தம் சில நாட்களாகக் கேட்கவில்லை. மகன் வீட்டிற்குப் போயிருப்பார் என்று முதலில் எண்ணியிருக்கிறார். இரவில் விளக்கு எரிவதைப் பார்த்து ஐயம் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நேரே பள்ளிக்கு வந்து, "என்ன பாய், அந்த ஐயா அப்படிக் கெடக்கறாரு, உங்க ஆளுங்க யாரும் வந்து பாக்கலையா?" என்று மோதினாரிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அன்று பள்ளியில் எவருமில்லை.

மருத்துவமனையில் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அல்லாஹ்வின் கிருபையால் உயிருக்கு ஆபத்தில்லை. பார்க்கப் போனபோது நாம் ஏதேதோ சமாதானம் சொன்னோம். ஒரு போன் செய்திருக்கக் கூடாதா என்றும் கேட்டுவிட்டோம். நம் குற்றத்தை அவர்மேல் தள்ளும் சாமர்த்தியம் அது! பெரியவர் கோபிக்கவில்லை. "சொல்லியிருக்கலாம் பாய். நான் வரலைன்னு யாராவது கேக்குறாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

அன்றிலிருந்து இந்தச் சொல் நம்மை விடவில்லை.

வாசக நேயர்களே! தபூக் படையெடுப்பின் வரலாற்றை நாம் பலமுறை பயானில் கேட்டிருக்கிறோம். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கடும் கோடை, பேரீச்சம்பழம் கனிந்து நிழல் இனித்த காலம். கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் நாளை புறப்படலாம், நாளை புறப்படலாம் என்று காலம் தாழ்த்திப் பின்தங்கி விட்டார்கள். புகாரீ, முஸ்லிம் கிரந்தங்களில் இந்த நீண்ட வரலாற்றை அவர்களே தம் வாயால் உரைக்கிறார்கள். அதில் நாம் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அன்று படையில் சென்றவர்களின் பெயர்களை எந்தப் பதிவேட்டிலும் அடக்க முடியாது, அத்தனை பெருங்கூட்டம், ஒருவர் வராமற் போனால் வஹீ வந்தாலன்றித் தெரியாது என்று எண்ணும்படி இருந்ததாம். ஆயினும் நடந்ததென்ன? தபூக்கில் மக்கள் நடுவே அமர்ந்திருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், கஅப் என்ன ஆனார் என்று வினவினார்கள்! பதிவேடு இல்லாத கூட்டத்தில், பல நூறு மைல் தொலைவில், ஒரு தனி மனிதரின் இல்லாமையை அந்தத் திருவுள்ளம் உணர்ந்தது.

பெருமானார் திரும்பி வந்தபின், உண்மையை ஒப்புக்கொண்ட கஅப் (ரலி) அவர்களோடும், முராரா, ஹிலால் (ரலி) ஆகிய இருவரோடும் எவரும் பேசலாகாது என்ற தடை விழுந்தது. 50 இரவுகள்! மற்ற இருவரும் வீட்டோடு முடங்கி அழுதுகொண்டிருந்தார்கள். கஅப் இளமையும் வலிமையும் உடையவர், வெளியே வருவார், ஜமாஅத்தில் தொழுவார், கடைத்தெருவில் நடப்பார். ஒருவரும் பேசுவதில்லை. அண்ணலாருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதில் சொல்ல அந்தத் திருவாய் அசைந்ததா இல்லையா என்று நோக்குவார். தம் சிறிய தந்தையின் மகனும் உயிர்த் தோழருமான அபூகதாதா (ரலி) அவர்களின் தோட்டத்துச் சுவரேறிப் போய் ஸலாம் சொன்னார், பதில் இல்லை. பூமி இத்தனை விரிந்திருந்தும் அந்த மூவருக்கும் நெருக்கடியாகிப் போனதை அல்லாஹ் அத்தவ்பா அத்தியாயத்திலேயே குறிப்பிடுகிறான். ஊர் நடுவே இருந்துகொண்டே தனியராவது எத்தகையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்நாளில்தான் ஓர் ஓலை வருகிறது. ஷாம் தேசத்திலிருந்து உணவுப் பொருள் விற்க வந்த வணிகன் ஒருவன் கடைத்தெருவில் விசாரித்துத் தேடிவந்து கொடுக்கிறான். அனுப்பியவன் கஸ்ஸான் அரசன். உம்முடைய தோழர் உம்மை ஒதுக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டோம், எம்மிடம் வாரும், உமக்கு ஆறுதல் தருவோம் என்பது அதன் கருத்து. எண்ணிப் பாருங்கள்! உடன்பிறப்புப் போன்றவர் ஸலாமுக்குப் பதில் சொல்லாத வேளையில், முகமறியா அரசன் ஒருவன் பல நாள் பயணத் தொலைவிலிருந்து தேனொழுக அழைக்கிறான். கஅப் (ரலி) அவர்கள் அதை இன்னொரு சோதனை என்று கண்டு, ரொட்டி சுடும் அடுப்பில் போட்டுக் கொளுத்தி விட்டார்கள்.

ஏன் கொளுத்தினார்கள்? அரசன் பகைவன் என்பது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டென்று நாம் கருதுகிறோம். மதீனாவில் அவரோடு பேசாதிருந்தவர்கள் அவரை மறந்தவர்கள் அல்லர். அவருடைய இடம் அங்கே காலியாகத்தான் இருந்தது. வேறு எவரும் அதில் உட்கார்ந்துவிடவில்லை. கஸ்ஸானில் கிடைக்கக்கூடிய ஆறுதலோ, அவரை எவரும் கணக்குக் கேட்காத இடத்தின் ஆறுதல். முகத்தைத் திருப்பிக்கொண்ட சொந்தத்தின் மௌனம் மேல், முகமே இல்லாதவனின் இனிய சொல்லைவிட! இன்று அந்த ஓலை நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது; வீட்டில் ஒரு மனத்தாங்கல் வந்த மாத்திரத்தில் அதைப் பிரித்துப் பார்க்கிறோம்.

இத்துடன் விட்டுவிட்டால் கருவிக்கு நாம் நீதி செய்தவராக மாட்டோம். அந்த வரலாற்றின் முடிவையும் பார்க்க வேண்டும். ஐம்பதாவது நாள் சுப்ஹு தொழுதுவிட்டுத் தம் வீட்டுக் கூரைமேல் கஅப் அமர்ந்திருக்கிறார். மன்னிப்பு இறங்கிய செய்தியோடு ஒருவர் குதிரையேறி விரைகிறார். மற்றொருவர் ஸல்உ மலைமேல் ஏறி நின்று, நற்செய்தி பெறுவீராக என்று உரக்கக் கூவுகிறார். குதிரையைவிடக் குரல் முந்திற்று என்று கஅப் அவர்களே சொல்கிறார்கள். கூவியவருக்குத் தம் மேலாடையையும் கீழாடையையும் கழற்றிக் கொடுத்தார்கள். அன்று அவர்களுக்கு வேறு உடையே இல்லை, இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு போனார்கள். தொலைவிலிருந்து விரைந்து வரும் குரலுக்கு இஸ்லாத்தில் இத்தனை பெரிய வெகுமதி உண்டு! ஆனால் பள்ளிவாசலுள் நுழைந்ததும் தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரலி) அவர்கள் எழுந்து ஓடிவந்து கைகொடுத்து வாழ்த்தினார்களே, அதை மட்டும் என்றும் மறக்கமாட்டேன் என்றார்கள் கஅப். குரலுக்கு ஆடையைக் கொடுத்தார். ஓடிவந்த கையை ஆயுள் முழுதும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஆகவே செல்போனின் நன்மையை நாம் மறுக்கவில்லை. அதுவும் நம் மாவட்டத்தில் மறுக்கவே இயலாது. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. பெங்களூர், திருப்பூர் என்று பிழைக்கப் போன பிள்ளைகளின் கடிதத்தைத் தாமே படிக்க முடியாத தாய்மார்கள் இங்கே எத்தனை பேர்! அவர்களுக்கு எழுத்தின்றியே குரலையும் முகத்தையும் கொண்டுவந்து சேர்த்தது இக்கருவிதான். உறவை ஸலாம் அளவிலேனும் ஈரமாக வைத்திருக்கச் சொல்லும் ஓர் அறிவிப்பும் உண்டு. அந்த ஈரத்தை இது தருகிறது.

ஆனால் பழைய கடிதத்தில் வேறொன்றும் இருந்தது. படிக்கத் தெரியாத தாய் அதை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமோ, எதிர்வீட்டுப் பள்ளிக்கூடப் பையனிடமோ போவார். படித்துச் சொன்னவருக்கு அந்த வீட்டின் சுகதுக்கம் தெரிந்துவிடும். அடுத்த மாதம் கடிதம் வராவிட்டால், என்ன, தம்பி எழுதலையா என்று கேட்க ஓர் ஆள் இருந்தது. கடிதம் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் நாலு பேர் கைபட்டு வந்தது. செல்போன் நொடியில் வருகிறது. எவர் கையும் படாமல் வருகிறது.

வானொலியும் இப்படித்தான் தொடங்கிற்று. ஊருக்கு ஒரு பஞ்சாயத்து ரேடியோ. மாலையில் அதைச் சுற்றி ஊரே உட்காரும். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின் தெருவுக்கு ஒரு பெட்டி வந்தது. அந்த வீட்டுத் திண்ணை நிறைந்தது. 2006 செப்டம்பரில் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கி, ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. ஏழை வீட்டுப் பிள்ளை பிறர் வீட்டு வாசலில் நின்று பார்க்கும் இழிவு ஒழிந்தது, அது நல்லதே. ஆனால் திண்ணையும் காலியாயிற்று. இப்போது ஒரே வீட்டில் நாலு பேர், நாலு கையில் நாலு செல்போன். பெட்டி பெருகப் பெருகக் கூட்டம் சுருங்கிற்று.

பெண்மக்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. ஆண்கள் வராவிட்டால் தெரியும் என்று ஸஃப்பைக் காட்டிப் பேசுகிறோம். நம் ஊர்களில் பெண்கள் பெரும்பாலும் வீட்டிலேயே தொழுகிறார்கள். அவர்களுடைய இல்லாமை எந்த ஸஃப்பில் தெரியும்? முன்னெல்லாம் கிணற்றடியில் தெரிந்தது. ஆட்டுக்கல் மேடையில் தெரிந்தது. புளிக்காலம் வந்தால் நாலு வீட்டுப் பெண்கள் கூடியமர்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுக்கையில் தெரிந்தது. குழாய் வந்தது. 2011இல் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வரத் தொடங்கின. கைநோவு தீர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். பழையபடி அம்மியில் அரையுங்கள் என்று சொல்லும் ஆண்மகன் முதலில் தானே ஒரு நாள் அரைத்துப் பார்க்கட்டும். ஆனால் அந்த மேடையில் ஒருத்தி வரவில்லை என்றால் பத்துப் பேர் கேட்பார்களே, அந்தக் கேள்வியை எந்த மிக்சி கேட்கும்? இதற்கு நாம் மாற்று எதுவும் செய்து வைக்கவில்லை. ஜமாஅத் நிர்வாகத்தின் கணக்கிலேயே இது இல்லை.

மஸ்ஜிதுன் நபவியைப் பெருக்கிவந்த கறுப்பினப் பெண்மணியின் வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அறிவிப்பாளர் ஆணா பெண்ணா என்று ஐயப்பட்டாலும், பெண் என்பதே பெரும்பாலோர் கருத்து. அவரைக் காணாத நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றனர். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கடிந்தார்கள். தோழர்கள் அதைச் சிறிய காரியமாக எண்ணியிருந்தார்களாம்! கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களைச் சபையில் காணாதபோதும் கேட்டார்கள். ஒருவர் போய்ப் பார்த்தால், தம் உரத்த குரலால் அமல்கள் அழிந்தன என்று அஞ்சி அவர் தலைகவிழ்ந்து வீட்டிலிருக்கிறார். சுவனவாசி என்ற நற்செய்தி அவருக்குச் சென்றது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருநாள் சுப்ஹில் ஸுலைமான் பின் அபீ ஹத்மாவைக் காணாமல், கடைத்தெருவுக்குப் போகும் வழியில் அவருடைய தாயார் ஷிஃபா அம்மையாரைச் சந்தித்து, மகன் ஏன் வரவில்லை என்று கேட்ட செய்தி முவத்தாவில் இருக்கிறது. இரவெல்லாம் நின்று தொழுது அசந்துவிட்டார் என்றார் தாய். இரவெல்லாம் தொழுவதைவிடச் சுப்ஹு ஜமாஅத்தில் கலந்துகொள்வதே எனக்கு உவப்பு என்றார்கள் உமர். பெரும் ஆட்சியைத் தாங்கியிருந்தவர்களுக்கு ஒரு ஸஃப்பின் ஓட்டை கண்ணில் பட்டது.

ஜமாஅத் தொழுகைக்கு 27 மடங்கு நன்மை என்பதை மனனமாக அறிவோம். அதில் இந்த விசாரிப்பும் ஒரு பங்கு இல்லையா? தோளோடு தோள் சேர்த்து நில்லுங்கள், இடைவெளியை அடையுங்கள் என்று ஒவ்வொரு தொழுகையிலும் சொல்லப்படுவது தரைவிரிப்பின் கோட்டைப் பார்ப்பதற்கு மட்டுந்தானா?

ஃபிக்ஹு மேதைகள் இதில் ஒரு நுட்பம் வைத்திருக்கிறார்கள். இமாமின் குரல் கேட்டால் மட்டும் போதாது. இடமும் ஒன்றுபட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் பள்ளிக்கு வெளியே நிற்பவருக்கு ஏறத்தாழ 300 முழம் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். அக்காலத்தில் குரல் அதற்கு மேல் போகாது. இன்று அண்டார்டிகா வரை போகும். அப்படியும், வானொலியிலும் செல்போனிலும் இமாமைப் பின்பற்றி வீட்டிலிருந்தே ஜும்ஆ தொழலாமா என்ற கேள்விக்குப் பெரும்பான்மை ஆலிம்கள் இல்லை என்றே விடை தந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் அடைக்கப்பட்டபோதும் வீட்டிலேயே லுஹர் தொழச் சொன்னார்களே அல்லாமல், செல்போன் ஜும்ஆவை அவர்கள் ஏற்கவில்லை. பழைமைவாதம் என்று சிலர் பேசினார்கள். அந்த ரமலானில் நோன்புக் கஞ்சிக்கான அரிசி, பள்ளியில் காய்ச்ச வழியின்றி வீடு வீடாக அரிசியாகவே வழங்கப்பட்டதே, நினைவிருக்கிறதா? அரிசி அதே அரிசிதான். கஞ்சியாகவில்லை. ஒரே தேக்சாவைச் சுற்றி ஊர் நின்றால்தான் அது கஞ்சி. ஆலிம்கள் சொன்னதன் பொருள் அன்று நம் நாவுக்கே விளங்கிற்று.

தனிமை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. 2018இல் பிரிட்டனும் 2021இல் ஜப்பானும் தனிமைக்கென்றே அமைச்சரை நியமித்தன. 2023இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி, நமக்கு அண்டையிலுள்ள கர்நாடகத்து மண்டியா மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர், மனிதத் தொடர்பின்மை நாளொன்றுக்கு 15 சிகரெட் வரை பிடிப்பதற்கு ஒப்பான கேடு என்று அறிக்கை விடுத்தார். 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனம், உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், ஆண்டுக்கு 8,71,000 மரணங்களோடு அது தொடர்புடையதென்றும் மதிப்பிட்டது. நகரத்து நோய், பணக்கார நாட்டு நோய் என்று நாம் எண்ணியிருந்தோம். நம் தூணோரத்திலேயே அது இருந்திருக்கிறது.

இந்நோய்க்கு மருந்தென்று இப்போது பேசும் இயந்திரங்களே வந்துவிட்டன. எப்போது கேட்டாலும் பதில் சொல்லும், கோபிக்காது, சலிக்காது. இதுவும் முற்றிலும் புதிதன்று. 1966இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற பெயரில் ஒரு கணினி உரையாடலை உருவாக்கினார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் எளிய வேலை அது. அதைச் செய்யும் விதம் அறிந்திருந்த அவருடைய செயலாளரே, சிறிது நேரம் அதனோடு பேசியபின், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று பேராசிரியரை அறையை விட்டுப் போகச் சொன்னாராம். மனித உள்ளம் கேட்பாருக்கு எவ்வளவு ஏங்குகிறது! இதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. மனிதன் கேட்கவில்லை, அதனால் இயந்திரத்திடம் போனார்கள்.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிமின் மீதுள்ள ஹக்குகள் ஆறு என்று ஹதீஸில் எண்ணப்பட்டிருக்கின்றன: ஸலாம், அழைப்பை ஏற்றல், நல்லுபதேசம், தும்மினால் துஆ, நோயில் நலம் விசாரித்தல், ஜனாஸாவைப் பின்தொடர்தல். இவற்றில் முதலிரண்டை இயந்திரம் ஓரளவு நடித்துக் காட்டலாம். ஆனால் அதற்கு நம்மீது ஹக் இல்லை. நமக்கும் அதன்மீது இல்லை. அது நோயுறாது, நாம் போய்ப் பார்க்க; அது மௌத்தாகாது, நாம் தோள் கொடுக்க. பேச ஆளில்லாதவன் மட்டுமா தனியன்? எவருக்கும் எந்தக் கடனும் படாமல் வாழ்ந்துவிடலாம் என்ற நிலைக்கு வந்தவனும் தனியன்தான், அவன் செல்போனில் ஆயிரம் பேர் இருந்தாலும்.

மறுமையில் அல்லாஹ், தான் நோயுற்றிருந்தபோது ஏன் பார்க்க வரவில்லை என்று அடியானைக் கேட்பான். என் அடியான் இன்னவன் நோயுற்றிருந்தானே, அவனிடம் நீ போயிருந்தால் என்னை அங்கே கண்டிருப்பாயே என்பான் என்ற கருத்துள்ள ஹதீஸை எத்தனையோ முறை இப்பத்திரிகையில் நாமே எழுதியிருக்கிறோம். எழுதிய கைதான் பெரியவரின் ரோஜாப்பூவுக்குப் பதில் போட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டது. போய்ப் பார்த்தவரோ கலிமாச் சொல்லாத அண்டை வீட்டார். வீட்டில் ஆடு அறுத்தால், நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்ட அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்களின் வழியில் வந்த நாம், அண்டை வீட்டார் ஹக்கை அந்தச் சகோதரியிடம் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெரியவர் இப்போது நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார், அதே தூணோரம். மகன் மாதம் இருமுறை நேரில் வருகிறார். ரோஜாப்பூ மட்டும் வருவதில்லை. எதற்குப் பாய், அதான் பாத்துக்கறோமே என்று சொல்லிவிட்டார்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மஃரிபுக்குப் பின் இமாம், மோதினார், நாம் ஆக ஐந்தாறு பேர் உட்கார்ந்து, மஹல்லாவில் தனியாக இருப்பவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினோம். செல்போனில் வேண்டாம், நோட்டில் எழுதுவோம் என்றார் இமாம். தெரு தெருவாக நினைத்துப் பார்த்து எழுதினோம். ஒன்பதாவது வீட்டில் பேனா நின்றது. கிழக்குத் தெருக் கோடியில் ஓட்டு வீடு, மகன் துபாயில். மகன் பெயர் எல்லோருக்கும் தெரியும்; பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர்; குரூப்பிலும் இருக்கிறார். உள்ளே இருக்கும் தாயாரின் பெயர் என்ன? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எவருக்கும் தெரியவில்லை. அவரைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்றும் சொல்ல முடியவில்லை. நாளைக் காலையில் நான் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றார் மோதினார். இஷாவுக்கு இன்னும் நேரம் இருந்தது. நம் வீட்டுப் பெண்களில் இருவரை அழைத்துக்கொண்டு, அப்போதே கிழக்குத் தெருவுக்கு நடந்தோம்.